புனிதமாக்குவதா, நேர்ந்தளிப்பதா: ஒரு வினைச்சொல்லின் தேர்வு

லத்தீன் மொழியின் ‘கோன்செக்ராரே’ என்ற வினையையும், அதன் வழியில் ஆங்கிலத்துக்கு வந்த ‘கான்செக்ரேட்’ என்ற சொல்லையும் தமிழில் எப்படிச் சொல்வது என்பது சமய நூல்களை மொழிபெயர்ப்பவருக்கு மட்டும் உரிய கேள்வியன்று. ரோமச் சட்டத்தைப் பற்றி எழுதுபவர், யூதர் வரலாற்றை எழுதுபவர், கலைச்சொல் அகராதி தொகுப்பவர் என யாராயினும் ஒரு கட்டத்தில் இந்தச் சொல்லின் முன் தயங்கி நின்றே ஆக வேண்டும். தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. புனிதப்படுத்துதல், பரிசுத்தமாக்குதல், தூய்மையாக்குதல், அர்ச்சித்தல், அபிஷேகம் செய்தல், பிரதிஷ்டை செய்தல், அர்ப்பணித்தல், திருநிலைப்படுத்துதல், நேர்ந்தளித்தல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். சொற்கள் மிகுந்திருப்பதே இங்கே சிக்கல். ஒவ்வொன்றும் ஒரு சமய மரபின் சடங்கையும் ஒரு காலத்தின் நடையையும் உடன் அழைத்து வருகிறது.

இந்தத் தேர்வைப் பெரும்பாலும் வடசொல்லா தென்சொல்லா என்ற கணக்கை வைத்தும், எந்தச் சபையின் வழக்கு என்பதை வைத்தும் முடித்துவிடுகிறோம். இரண்டும் பொருட்படுத்த வேண்டியவையே என்றாலும் அவற்றுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மூலச்சொல் எந்தச் செயலைக் காட்டுகிறது? அழுக்கை நீக்குவதையா, பொதுப் பயனிலிருந்து எடுத்துத் தெய்வத்தின் உடைமையாக்குவதையா, தெய்வத்தின் இருப்பை ஓரிடத்தில் நிலைநிறுத்துவதையா, ஏற்கெனவே உயர்ந்ததைப் போற்றுவதையா? இந்நான்கும் தம்முள் தொடர்புடையவையானாலும் ஒன்றல்ல. தமிழில் நாம் இவற்றுள் முதலாவதன் சொற்களைக் கொண்டே மற்ற மூன்றையும் சொல்லிப் பழகிவிட்டோம் என்பதும், இரண்டாவதற்குத் தமிழில் நல்ல சொல் இருந்தும் அதைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பதும் என் கருத்து.

மூலங்களிலிருந்து தொடங்குவோம். ‘கோன்செக்ராரே’ என்பதன் உள்ளே இருப்பது ‘சாக்கெர்’ என்ற பெயரடை. தெய்வத்துக்கு உரியதாகிவிட்டது, ஆகவே மனிதர் கைவைக்கக் கூடாதது என்பது அதன் பொருள், தூயது என்பதன்று. பழைய ரோமில் சில கொடுங்குற்றங்களைச் செய்தவன் ‘ஹோமோ சாக்கெர்’ எனப்பட்டான். அவனைப் பலியிடுதல் கூடாது. ஆனால் அவனைக் கொன்றவன்மீது கொலைக்குற்றமும் சாராது. மனிதச் சட்டத்தின் காப்பிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தெய்வத்திடம் ஒப்புவிக்கப்பட்ட அவனைக் குறிக்கவும், கோயிலில் வைக்கப்பட்ட பொற்கலத்தைக் குறிக்கவும் லத்தீனில் ஒரே சொல் போதுமானதாக இருந்தது. இந்தச் சொல்லை ‘புனிதமான’ என்று கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்தால் ‘ஹோமோ சாக்கெர்’ புனித மனிதனாகிவிடுவான். அது பிழை என்பதைவிட நேர்மாறு என்பதே பொருந்தும்.

லத்தீனில் இதற்கு இணையாக வழங்கிய மற்றொரு சொல் ‘சாங்க்டுஸ்’. அது ‘சாங்கீரே’ என்ற வினையின் எச்சம். சட்டத்தாலோ ஆணையாலோ மீற முடியாததாக்குதல் என்பது அவ்வினையின் பொருள். ஆங்கிலத்தில் ‘சாங்ஷன்’ என்ற சொல் ஒப்புதலையும் தண்டனைத் தடையையும் ஒருங்கே குறிப்பதற்கு இந்த மூலமே காரணம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் காயுஸ் பொருள்களை வகைப்படுத்தும்போது, மேலுலகத் தெய்வங்களுக்குக் ‘கோன்செக்ராரே’ செய்யப்பட்டவற்றை ஒரு வகையாகவும், இறந்தோரின் ஆவிகளுக்கு விடப்பட்ட கல்லறைகளை இரண்டாம் வகையாகவும், நகர மதில்களையும் வாயில்களையும் ‘சாங்க்டுஸ்’ என்ற மூன்றாம் வகையாகவும் பிரிக்கிறார். மதில் எந்தத் தெய்வத்தின் உடைமையும் அன்று. ஆனால் அதை மீறக் கூடாது. ‘சாங்டிஃபை’ என்ற பிற்கால ஆங்கிலச் சொல் ‘சாங்க்டுஸ்’ என்ற இந்தச் சொல்லிலிருந்து கிறிஸ்தவ லத்தீன் வழியாக வந்தது. ஆகவே ‘கான்செக்ரேட்’, ‘சாங்டிஃபை’ இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைக் கொடுக்கும் அகராதி, மூலத்தில் இருந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே இழந்துவிடுகிறது.

ரோமரிடம் இது மனநிலை சார்ந்த செய்தியாக இல்லாமல் அதிகாரம் சார்ந்த செயலாக இருந்தது என்பதற்கு நல்ல சான்று ரோம அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோவின் வழக்கு. கி.மு. 58இல் அவர் நாடு கடத்தப்பட்டபோது, அவருடைய பகைவர் குளோதியுஸ், சிசரோவின் வீடு இருந்த இடத்தில் விடுதலைத் தெய்வத்துக்கு ஒரு கோயிலை எழுப்பி அந்நிலத்தைத் தெய்வத்துக்கு உரியதாக்கிவிட்டார். அடுத்த ஆண்டு திரும்பி வந்த சிசரோ, மக்கள் மன்றத்தின் வெளிப்படையான கட்டளை இன்றி நடந்த அந்தச் சடங்கு செல்லாது என்று குருமார் குழுவின் முன் வாதாடி வென்று நிலத்தை மீட்டார். நிலத்தின் தூய்மையைப் பற்றி அங்கே வழக்கில்லை. அது யாருடையது, யார் அதை யாருக்கு உரியதாக்கலாம் என்பதே வழக்கு. இந்த நிகழ்ச்சியைத் தமிழில் எழுதும்போது ‘குளோதியுஸ் அந்நிலத்தைத் தூய்மைப்படுத்தினார்’ என்று எழுதினால் வழக்கே புரியாமல் போகும்.

எபிரேய வினையடி ‘க-த்-ஷ்’ இதைவிடச் சிக்கலானது. பிரித்துவைத்தல் என்பதே அதன் அடிப்படை என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. பழைய மெசொப்பொத்தாமியாவின் அக்காடிய மொழியிலுள்ள அதன் உறவுச்சொல் தூய்மை செய்தலையும் குறிப்பதால் அதை ஐயப்படுபவரும் உண்டு. மூலம் எதுவாயினும், வழக்கில் அது எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதே மொழிபெயர்ப்பவருக்கு முக்கியம். ஏழாம் நாளைக் கடவுள் புனிதமாக்கியதை விவிலியத்தின் தொடக்கநூல் இந்த வினையாலேயே கூறுகிறது. நாளுக்கு அழுக்கும் இல்லை, கழுவலும் இல்லை. எரேமியாவின் நூலில் போரைத் தொடங்குங்கள் என்று சொல்லும் இடத்தில் இதே வினை வருகிறது. ஓய்வுநாளின் தொடக்கத்தில் திராட்சை இரசத்தின்மீது சொல்லப்படும் ‘கித்தூஷ்’, மணஉறுதியைக் குறிக்கும் ‘கித்தூஷீன்’ ஆகியன இந்த அடியிலிருந்தே வந்தவை. மணஉறுதியில் ஒருத்தி ஒருவனுக்கு என்று ஒதுக்கப்பட்டு மற்ற எவருக்கும் விலக்காகிறாள். ஒதுக்கம், உரிமை, விலக்கு என்ற மூன்றும் இச்சொல்லில் சேர்ந்தே இருக்கின்றன.

இதன் அருகில் இருக்கும் மற்றொரு செமித்திய அடியைத் தமிழர் பலர் அறிவர். எபிரேயத்தில் ‘ஹேரெம்’ என்பது கடவுளுக்கென்று முழுதும் விடப்பட்டு, ஆகவே அழிக்கப்பட வேண்டிய பொருளைக் குறிக்கும். எரிகோ நகரைப் பற்றிய பகுதியில் பழைய தமிழ் வேதாகமம் இதைச் ‘சாபத்தீடு’ என்கிறது. அரபியில் இதன் உடன்பிறப்பே ‘ஹராம்’. விலக்கப்பட்டது என்ற பொருளில் தமிழ் முஸ்லிம்கள் நாள்தோறும் வழங்கும் அதே சொல், மக்காவின் ‘மஸ்ஜிதுல் ஹராம்’ என்ற பெயரில் மிக உயர்ந்த திருத்தலத்தைக் குறிக்கிறது. புனிதமும் விலக்கும் ஒரே சொல்லுக்குள் அடங்குவது லத்தீனுக்கு மட்டும் உரிய விந்தை அன்று என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

கிரேக்கத்தைப் பற்றி ஒரு செய்தி மட்டும் சொல்லலாம். ஆனால் அது மொழிபெயர்ப்பவருக்கு நேரடியாகப் பயன்படுவது. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களுக்குக் கோயில் சார்ந்த எல்லாவற்றுக்கும் பொதுவாக வழங்கிய ‘ஹியெரோஸ்’ என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர்கள் அதை விட்டுவிட்டு, அன்று அவ்வளவாக வழங்காத ‘ஹாகியோஸ்’ என்ற பெயரடையை எடுத்து, அதிலிருந்து ‘ஹாகியாட்சோ’ என்ற வினையைப் பரவலாக்கினார்கள். அந்தக் காலத்துக் கிரேக்கக் கோயில்களின் மணம் வீசாத சொல் அவர்களுக்குத் தேவைப்பட்டது போலும். வழக்கில் வலுவாக இருக்கும் சொல்லே எப்போதும் சிறந்த சொல் என்று கருதுபவர்கள் இதை நினைவில் கொள்ளலாம். புனிதமாக்குதலைக் குறிக்கும் ஆங்கிலத்தின் ‘ஹாலோ’வோ முற்றிலும் வேறு திசையிலிருந்து வருவது, அதன் அடியில் இருப்பது முழுமை, உடல்நலம் என்ற பொருளுடைய பழைய ஜெர்மானியச் சொல். ஜெர்மன் மொழி ‘வைஹென்’ என்றும் ‘ஹைலிகென்’ என்றும் இரண்டு வினைகளை வைத்துக்கொண்டு, ஒதுக்கி அளிப்பதற்கு முதலாவதையும், உள்ளியல்பில் புனிதமாவதற்கு இரண்டாவதையும் வழங்கி இந்தச் சிக்கலிலிருந்து பெரிதும் தப்பித்துக்கொள்கிறது.

இனி, தமிழ்ச் சொற்கள். தூய்மையாக்குதல், பரிசுத்தமாக்குதல் ஆகிய இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று தமிழ், மற்றொன்று ‘சுத்’ என்ற வடமொழி வினையடியிலிருந்து வந்தது என்பதைத் தவிர அவை செய்யும் வேலை ஒன்றே. அழுக்கு இருந்தது, போயிற்று என்பதே அவற்றின் கதை. ‘புறந்தூய்மை நீரான் அமையும் அகந்தூய்மை வாய்மையால் காணப் படும்’ என்ற குறள், தூய்மை என்ற சொல் உடலிலிருந்து உள்ளத்துக்கு எவ்வளவு இயல்பாகப் பெயர்கிறது என்பதைக் காட்டுகிறது. ஒழுக்கத்தைப் பேசும் இடங்களில் இச்சொற்களுக்கு நிகர் இல்லை. ஆனால் ஒதுக்கி உரியதாக்குவதைப் பேசும் இடத்தில் இவை தடுமாறுகின்றன. விவிலியத்தின் சட்டநூல்களுள் ஒன்றான லேவியராகமத்தின் பத்தாம் அதிகாரம் இரண்டு வேறுபாடுகளைக் காணும்படி குருக்களுக்குக் கட்டளையிடுகிறது: புனிதமானதற்கும் பொதுவானதற்கும் இடையே ஒன்று, தீட்டுள்ளதற்கும் தீட்டற்றதற்கும் இடையே மற்றொன்று. எபிரேயத்தில் இவை இரு வேறு அளவுகோல்கள். தீட்டில்லாத பொருள்களில் பெரும்பாலானவை வெறும் பொதுப்பொருள்களே. இரண்டுக்கும் தூய்மைச் சொற்களையே தமிழில் பயன்படுத்தினால் இரு அளவுகோல்களும் ஒன்றாகிவிடும். புனிதமாக்கப்படாத எதுவும் தீட்டானது என்ற எண்ணம் தானாகவே நுழைந்துவிடும். தீட்டு என்ற கருத்து மனிதரை மனிதர் விலக்கப் பயன்பட்ட ஒரு சமூகத்தின் மொழியில் இது சிறிய குறை அன்று.

யோவான் நற்செய்தியின் 17ஆம் அதிகாரம் இதைவிடக் கடினமான சோதனை. அங்கே இயேசு தம்மைத்தாமே ‘ஹாகியாட்சோ’ செய்துகொள்வதாகக் கூறுகிறார். 1871இல் வெளிவந்த ஒருங்கிணைந்த மொழிபெயர்ப்பு, அதாவது நான் பழைய தமிழ் வேதாகமம் என்று குறிப்பது, ‘நான் என்னைத்தானே பரிசுத்தமாக்குகிறேன்’ என்று பெயர்க்கிறது. குற்றமற்றவராகக் கருதப்படுபவர் எதிலிருந்து தம்மைப் பரிசுத்தமாக்கிக்கொள்கிறார் என்ற கேள்வி தமிழ் வாசகருக்கு எழாமல் இராது. கேள்வியை எழுப்புவது மூலம் அன்று, தேர்ந்த தமிழ்ச் சொல். கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இங்கே சொல்லை மாற்றி, சீடர்களைக் குறித்து ‘உமக்கு உரியவர் ஆக்கியருளும்’ என்றும், தம்மைக் குறித்து ‘அர்ப்பணமாக்குகிறேன்’ என்றும் எழுதியது. இது துணிவான முடிவு. சரியான முடிவும்கூட என்று நினைக்கிறேன். ஒரே வினை இரண்டு தமிழ்ச் சொற்களாகப் பிரிந்துபோனது மட்டும் அதற்குக் கொடுத்த விலை.

புனிதம் என்ற சொல் இவற்றைவிட அகலமானது. இதுவும் பிறப்பால் தூய்மைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ‘பூ’ என்ற வடமொழி வினையடிக்குத் தெளிவித்தல், தூய்மை செய்தல் என்பன பொருள். பாவனம், பவித்திரம் ஆகியவையும் அதன் கிளைகள். வேதத்தில் பவித்திரம் என்பது சோமச் சாற்றை வடிகட்டும் கம்பளி வடிகட்டியைக் குறித்தது. பின்னர் சடங்கின்போது விரலில் அணியும் தருப்பை மோதிரத்துக்கும் அதுவே பெயராயிற்று. ஆனால் தமிழில் புனிதம் என்பது இந்தப் பிறப்பை நெடுநாளைக்கு முன்பே மறந்துவிட்டது. தேவாரம் சிவபெருமானைப் புனிதன் என்று விளிக்கும்போது கழுவப்பட்டவன் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. சமயச் சார்பற்ற கட்டுரையிலும், எந்தச் சமயத்தைப் பற்றிய எழுத்திலும் பொதுவாக நிற்கக்கூடிய சொல் இதுவே. வினையின் விளைவை, அதாவது ஒரு பொருள் அடைந்த நிலையைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

ஆனால் வினை வடிவத்தில் ஒரு கவனம் தேவை. ‘புனிதப்படுத்துதல்’ என்ற வடிவம் இன்றைய விமரிசன மொழியில் வேறொரு வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது. வறுமையைப் புனிதப்படுத்துகிறார்கள், தாய்மையைப் புனிதப்படுத்திப் பெண்ணை முடக்குகிறார்கள் என்று எழுதும்போது அது தகுதியற்ற ஒன்றைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்கும் மோசடியைக் குறிக்கிறது. ‘அரசரைப் பேராயர் புனிதப்படுத்தினார்’ என்று இன்று ஒருவர் எழுதினால், அது சடங்கின் விவரிப்பா, எழுத்தாளரின் கிண்டலா என்று தேர்ந்த வாசகர் ஒரு கணம் தயங்குவார். ‘புனிதமாக்குதல்’ என்ற வடிவத்தில் இந்த நிழல் இன்னும் விழவில்லை. எனவே சடங்கைக் குறிக்க ‘புனிதமாக்கு’ என்பதையும், விமரிசனப் பொருளுக்குப் ‘புனிதப்படுத்து’ என்பதையும் ஒதுக்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

அர்ச்சித்தல் என்பதைச் சுருக்கமாகவே பார்க்கலாம். போற்றுதல் என்ற பொருளுடைய வினையடியிலிருந்து வந்த இதைப் பழைய கத்தோலிக்கத் தமிழ் விரிவாகப் பயன்படுத்தியது. இயேசு கற்பித்த செபத்தில் ‘உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக’ என்று அந்த மரபினர் சொன்னார்கள். புனிதர்களை அர்ச்சியசிஷ்டர் என்றார்கள். அந்தச் செபத்தின் வரிக்கு அது நல்ல தேர்வுதான், ஏனெனில் கடவுளின் பெயரை மனிதர் புனிதமாக்க முடியாது, போற்றத்தான் முடியும். பொது மொழிபெயர்ப்பின் ‘தூயது எனப் போற்றப்பெறுக’ என்பது அந்தப் பொருளையே இரண்டு சொற்களாக விரித்துச் சொல்கிறது. ஆயினும் அர்ச்சனை என்றவுடன் மலரும் பெயர்வரிசையும் நினைவுக்கு வருகின்ற தமிழ் வாசகருக்கு, ஒரு கட்டடத்தை அர்ச்சித்தார்கள் என்பது புதிராகவே இருக்கும். ஆலய அர்ச்சிப்பு என்பது திருச்சபை வட்டத்துக்குள் இன்றும் வழங்குகிறது. அதற்கு வெளியே அதைக் கொண்டுவர வேண்டியதில்லை.

அபிஷேகம், பிரதிஷ்டை ஆகிய இரண்டும் சடங்கின் கண்ணுக்குத் தெரியும் பகுதியைச் சொல்பவை. முதலாவது மேலே சொரிதல். இரண்டாவது நிலைபெற நிறுத்துதல். பழைய தமிழ் வேதாகமத்தின் யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில் முதல் தலைமைக் குருவான ஆரோனின் மக்களைக் குறித்து ஒரே வசனத்தில் அபிஷேகம்பண்ணி, பிரதிஷ்டைபண்ணி, பரிசுத்தப்படுத்துவாயாக என்று மூன்று வினைகள் வருகின்றன. எபிரேயத்தில் நடுவில் இருப்பது ‘கைகளை நிரப்புதல்’ என்ற மரபுத்தொடர்; பதவியில் அமர்த்துதலை அது குறிக்கும். அதற்குப் பிரதிஷ்டை என்ற சொல்லைத் தேர்ந்தவர்கள், ஓர் ஆளை ஓரிடத்தில் நிறுத்துதல் என்ற சொற்பொருளைக் கணக்கில் எடுத்தார்கள் என்றால் அது பொருத்தமே. ஆனால் தமிழ் வாசகர் பெரும்பாலோர்க்குப் பிரதிஷ்டை என்பது சிலைக்கு நடப்பது.

அங்கே நடப்பது என்ன என்பதைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். ஆகம மரபில் கோயில் திருப்பணி தொடங்கும் முன் கலாகர்ஷணம் என்ற சடங்கினால் மூலவரின் தெய்வ ஆற்றல் கும்ப நீருக்கு ஏற்றப்பட்டுப் பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னிதியில் வைக்கப்படுகிறது. பணி முடிந்தபின் அது மீண்டும் திருமேனிக்குச் சேர்க்கப்படுகிறது. குடமுழுக்கு என்பதன் உட்பொருள் இதுவே. இங்கே ஒரு பொருள் மனிதரிடமிருந்து தெய்வத்துக்குப் போவதில்லை. தெய்வம் பொருளுக்குள் வருகிறது. போக்கின் திசையே எதிரானது. ரோமரின் ‘கோன்செக்ராரே’யைப் பிரதிஷ்டை என்று பெயர்ப்பதில் உள்ள இடர் இதுதான். மாறாக, ஆகமச் சடங்கைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் ‘கான்செக்ரேட்’ என்று எழுதுவதிலும் இதே இடர் உண்டு என்பதை இடையில் சொல்லி வைக்கலாம்.

தமிழுக்கென்றே இதற்கு ஒரு பழைய சொற்கோவை இருந்தது. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று படிப்படியாக வகுக்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் அந்த வரிசையையே காதைகளின் பெயர்களாக்கி, இமயத்தில் எடுத்த கல்லைக் கங்கையில் நீர்ப்படுத்திக் கொணர்ந்து கண்ணகியைத் தெய்வமாக நிறுத்தும் நிகழ்வை விவரிக்கிறது. நடுகற்காதையின் முடிவில் செங்குட்டுவன் ‘கடவுள் மங்கலம் செய்கென’ ஏவுகிறான். கடவுள்மங்கலம் என்ற இந்தத் தொடர் எனக்கு மிகவும் பிடித்தமானது; ஒரு காவியத்தின் நடைக்கோ, பழந்தமிழ்ச் சடங்கை விளக்கும் கட்டுரைக்கோ இதை மீட்டெடுக்கலாம். ஆனால் இதுவும் தெய்வத்தைக் கல்லில் நிறுத்துவதைச் சொல்வதே அன்றி, நிலத்தையோ நாளையோ ஆளையோ தெய்வத்துக்கு விடுவதைச் சொல்வதன்று. அழகு கருதி அதை எல்லா இடத்திலும் பொருத்த முடியாது.

எஞ்சுவது நேர் என்ற வினை. நேர்தல் என்பதற்கு உடன்படுதல், கொடுத்தல், பொருத்தனை செய்தல் என்ற பொருள்கள் உண்டு. நேர்த்திக்கடன், நேர்ச்சை என்ற சொற்கள் சமய வேறுபாடின்றி வழங்குகின்றன. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாவைப் பாருங்கள்: அது மற்ற ஆடுகளைவிடத் தூயதன்று, அதற்குள் தெய்வம் இறங்கியிருப்பதாகவும் யாரும் சொல்வதில்லை. ஒரு சொல்லால் அதன் உடைமையாளர் மாறிவிட்டார். ஆகவே அதை விற்கக் கூடாது, வேறு பயனுக்கு எடுக்கக் கூடாது. இறுதியில் அது பலிக்குரியது. மேன்மையும் அழிவும் ஒரே நிலையில் சேர்ந்திருக்கும் ‘சாக்கெர்’ என்ற சொல்லின் முழு அமைப்பும் இதில் இருக்கிறது. பழைய தமிழ் வேதாகமத்தார் இதைக் கண்டுகொண்டிருந்தார்கள். லேவியராகமத்தின் 27ஆம் அதிகாரத்தில் ஒருவன் தன் வீட்டையோ வயலையோ கடவுளுக்கு உரியதாக்கும் இடங்களில் ‘பரிசுத்தம் என்று நேர்ந்துகொண்டால்’ என்று எழுதினார்கள். நேர்தல் என்ற செயலையும் பரிசுத்தம் என்ற நிலையையும் அவர்கள் இணைத்த விதம், பின்வந்த பல மொழிபெயர்ப்புகளைவிடத் துல்லியமானது.

இச்சொல்லிலும் குறை உண்டு. நேர்ந்துகொள்வது பெரும்பாலும் வேண்டுதலோடு சேர்ந்தது: இது நடந்தால் அது தருகிறேன் என்ற நிபந்தனை அதனுள் இருக்கிறது. மூலச்சொல்லில் அந்த நிபந்தனை இல்லை. பேச்சு வழக்கில், ‘என்னை என்ன நேர்ந்துவிட்டிருக்கிறதா’ என்று எரிச்சலோடு கேட்கும் நையாண்டியும் சேர்ந்துகொள்கிறது. ‘நேர்ந்துவிடு’ என்பதை அப்படியே எடுத்தாள முடியாமைக்கு இவை காரணம். இன்றைய கத்தோலிக்க வழிபாட்டுத் தமிழ் இதற்கு ஒரு தீர்வைக் கண்டது. ரோமிலுள்ள இலாத்தரன் பேராலயத்தின் நவம்பர் 9ஆம் நாள் விழாவை அது ‘நேர்ந்தளிப்பு விழா’ என்று அழைக்கிறது. ‘அளி’ சேர்ந்ததும் நிபந்தனை உதிர்ந்து, கொடை முற்றுப்பெற்றுவிட்டது என்ற பொருள் வருகிறது, நையாண்டியும் விலகிவிடுகிறது. சபைக்கு வெளியே இது அதிகம் பழகாத சொல் என்பது உண்மை. ஆனால் கேட்ட மாத்திரத்தில் ஊகிக்க முடியாத சொல் அன்று.

இதனோடு போட்டியிடக்கூடிய ஒரே சொல் அர்ப்பணித்தல். பொதுவழக்கில் அது மிக எளிதாகப் புரிகிறது. யோவான் 10ஆம் அதிகாரத்தில் வரும், கி.மு. 164இல் எருசலேம் கோயில் மீட்கப்பட்டதை நினைவுகூரும் பெருவிழாவைப் பழைய மொழிபெயர்ப்பு பிரதிஷ்டைப் பண்டிகை என்றும், பொது மொழிபெயர்ப்பு அர்ப்பண விழா என்றும் கூறுகின்றன, இரண்டாவதே தெளிவு. ஆனால் நூலை நண்பருக்கு அர்ப்பணிக்கிறோம், வாழ்வைக் கலைக்கு அர்ப்பணிக்கிறோம், ஊழியர் அர்ப்பணிப்புடன் உழைத்ததாகப் பாராட்டுகிறோம். தெய்வம் இல்லாமலேயே அர்ப்பணம் நடந்துவிடுகிறது. விலக்கு என்ற கூர்மை அதில் இல்லை. அர்ப்பணித்த நூலை யாரும் வாங்கலாம், விற்கலாம். ஆகவே ‘டெடிகேட்’ என்பதற்கு அது சரியான இணை. ‘கான்செக்ரேட்’ என்பதற்கு அன்று. திருநிலைப்படுத்துதலோ ஆட்களைக் குருத்துவப் பணியில் அமர்த்துவதற்கு என்றே நிலைத்துவிட்டது. அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

ஒரு சொல் தகுதியானதா என்று பார்க்க நான் பரிந்துரைக்கும் சோதனை, அதன் எதிர்ச்செயலைச் சொல்லிப் பார்ப்பது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின்படி, ஒரு கோயில் பெருமளவு இடிந்துபோனாலோ, நிலையாக உலகியல் பயனுக்கு விடப்பட்டாலோ அந்த நிலையை இழக்கிறது. இழிவான பயனுக்கு மட்டும் அதை விடக் கூடாது. லேவியராகமமும் நேர்ந்துகொண்ட வீட்டை, மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்து மீட்டுக்கொள்ள வழி வைக்கிறது. இவற்றைத் தூய்மைச் சொற்களில் சொல்ல முயன்றால், கோயில் அசுத்தமானது என்றும், வீட்டின் பரிசுத்தம் கெட்டது என்றும் எழுத நேர்கிறது. ஓர் அமைதியான உரிமை மாற்றம் பழியாக மாறிவிடுகிறது. புனிதம் என்ற சொல்லில் இந்த உறுத்தல் குறைவு, ஆனால் ‘புனிதம் இழந்தது’ என்பதிலும் ஒரு வீழ்ச்சியின் ஒலி இருக்கிறது. நேர்ந்தளிப்பு நீக்கப்பட்டது என்றால் நடந்தது மட்டும் சொல்லப்படுகிறது. ஆகமக் கோயிலுக்கு வந்தால் நிலைமை தலைகீழ்: அங்கே தெய்வ ஆற்றல் பெயர்க்கப்பட்டது என்று சொல்ல வேண்டுமே தவிர, நேர்ந்தளிப்பு நீங்கியது என்று சொல்வது பொருளற்றது.

மற்றொரு சோதனை, மூன்று வினைகளும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும் இடம். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்களக் கல்லறையில் பேசிய ஆபிரகாம் லிங்கன், இந்த நிலத்தை நாம் ‘டெடிகேட்’ செய்ய முடியாது, ‘கான்செக்ரேட்’ செய்ய முடியாது, ‘ஹாலோ’ செய்ய முடியாது என்றார். அங்கே போரிட்டவர்களே நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டு அதைச் செய்துவிட்டார்கள் என்பது அவருடைய வாதம். ‘இந்நிலத்தை நாம் அர்ப்பணிக்க இயலாது, நேர்ந்தளிக்க இயலாது, புனிதமாக்க இயலாது’ என்று தமிழில் வைத்தால், விழா நடத்துவோர் செய்யக்கூடிய பொதுச்செயலிலிருந்து சமயச் செயலுக்கும், அங்கிருந்து நிலத்தின் இயல்பையே மாற்றுவதற்கும் ஏறிச் செல்லும் படிகள் குலையாமல் நிற்கின்றன. அந்த இடத்தில் ‘தூய்மைப்படுத்த இயலாது’ என்று ஒன்றைச் சேர்த்தால் குருதி தோய்ந்த நிலம் என்ற தவறான நினைவு வந்து, வாக்கியத்தின் போக்கே திரும்பிவிடும்.

எனவே என் தேர்வு ஒரே சொல்லாக முடியவில்லை. ரோம, யூத, கிறிஸ்தவச் சூழலில் பொருளையோ இடத்தையோ நாளையோ தெய்வத்துக்கு உரியதாக்கும் செயலுக்கு நேர்ந்தளித்தலையும், அதனால் வரும் நிலைக்குப் புனிதத்தையும், மனிதரின் ஒழுக்க மாற்றத்தைப் பேசும் பகுதிகளுக்குத் தூய்மை அல்லது பரிசுத்தத்தையும் கொள்வேன். ஆகமச் சடங்குகளுக்கு அவற்றின் சொந்தப் பெயர்களே இருக்கட்டும். ஒரு சபையின் வழிபாட்டு நூலுக்காக எழுதுபவருக்கு இந்த உரிமை இல்லை. மக்களின் நாவில் பல தலைமுறையாக ஊறிய செபத்தின் சொல்லை, துல்லியம் என்ற ஒரே காரணத்துக்காக மாற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அகராதி தொகுப்பவருக்கோ எல்லாவற்றையும் காற்புள்ளியிட்டு அடுக்கும் வசதி இருக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் எதை யாருக்கு என்ற ஒரு குறிப்பையாவது சேர்க்கும்படி வேண்டிக்கொள்வேன். நேர்ந்தளிப்பு என்ற பெயர்ச்சொல்லை நேர்ச்சையோடு குழப்பாமல் தனித்தலைப்பாகக் கொடுப்பதும் தேவை, ஏனெனில் பின்னது பொருத்தனையை மட்டுமே குறிக்கும். இரண்டையும் ஒரே உள்ளீட்டில் வைத்தால் மேலே சொன்ன நிபந்தனைப் பொருள் மீண்டும் உள்ளே வந்துவிடும்.